யாரிடம் கூட்டிக்கொண்டு போவது?

இந்தக் காலபோக விதைப்புக்கு முன்னர், புரட்டாதிக் கடைசியில், வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்கு விதைநெல் பற்றிய கூட்டமொன்றுக்காகப் போயிருந்தேன். பொதுநோக்கு மண்டபத்தில் முப்பது பேர் வரை இருந்தார்கள். எந்த இனம் விதைப்பது, அறக்கொட்டி வந்தால் என்ன செய்வது, பசளைக்குக் கமநல சேவை நிலையத்தில் எப்போது பதிவது என்றெல்லாம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னோம். கூட்டம் முடிந்து ஆட்கள் சைக்கிளை எடுக்கும் நேரத்தில் ஒரு தாய் என்னைப் பாலைமரத்தடியில் மறித்தார்.

“அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

பத்தாம் ஆண்டு படிக்கும் மகள் வெயிலிலும் நீளக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லையாம். ஒருநாள் கிணற்றடியில் தற்செயலாகக் கையைக் கண்டுவிட்டார். வரிவரியாகத் தழும்புகள். சில பழையவை, சில புதியவை.

“தானாத்தான் கீறுறாள். கேட்டால் அழுறாள், இல்லாட்டி வாய் திறக்கிறாள் இல்லை. இவளை நான் ஆரிட்டக் கூட்டிக்கொண்டு போறது?”

எனக்கு மறுமொழி தெரியவில்லை. பூச்சிக்கும் பசளைக்கும் கடனுக்கும் வழி சொல்லத் தெரிந்த எனக்கு இதற்கு வழி தெரியவில்லை. “விசாரிச்சுச் சொல்லுறன்” என்று வந்துவிட்டேன். அதன் பிறகு விசாரித்ததையும், அந்தத் தாயோடு சேர்ந்து அலைந்ததில் கற்றுக்கொண்டதையுமே இங்கு எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரும் ஆளும் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மனம் உடைந்து தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் ஒருவருக்கு உதவி தேடும் பொறுப்பை அவருடைய தலையிலேயே போட்டுவிடுகிறோம். “அவள் விரும்பினால் போகட்டும்”, “அவனுக்கே தெரிய வேண்டாமோ” என்கிறோம். காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையிடம் நீயே போய் மருந்தெடுத்து வா என்று எந்தத் தாயாவது சொல்வாளா? மனம் களைத்துப்போனவருக்கு எழுந்து முகம் கழுவுவதே பெரிய வேலை. பஸ் பிடித்து, வரிசையில் நின்று, முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் நெஞ்சைத் திறந்து காட்ட அவரால் தனியே முடியாது. வழி தேடுவதும், கூடப் போவதும், மறுமுறையும் போகவைப்பதும் பக்கத்தில் இருப்பவர்களின் வேலை. அதை நாம் செய்வதில்லை.

நாம் செய்வது வேறு. அந்தத் தாய் என்னிடம் வருவதற்கு முன் மூன்று பேரிடம் யோசனை கேட்டிருந்தார். ஒருவர், “உதெல்லாம் நடிப்பு, இரண்டு அடி போட்டால் சரிவரும்” என்றார். இன்னொருவர் யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள் என்றார். மூன்றாமவர் சோதனை முடிந்ததும் கலியாணத்தைச் செய்துவை என்றார். மூவரும் கெட்டவர்களல்லர். பிள்ளைமீது அக்கறை உள்ளவர்கள்தாம். ஆனால் மூன்றும் பிழையான யோசனைகள்.

தன் உடலைத் தானே காயப்படுத்துவது பலருக்குத் தாங்கமுடியாத ஓர் உணர்வைச் சிறிது நேரமாவது தாங்குவதற்கான வழியாக இருக்கிறது என்று மனநல வைத்தியர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்யும் எல்லோரும் சாக விரும்புபவர்களல்லர். ஆனால் அப்படிச் செய்பவர்களிடையே பின்னாளில் உயிராபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதும் உறுதியாகத் தெரிந்த விடயம். ஆகவே “நடிப்பு” என்று தள்ளுவதும் சரியல்ல, ஊரைக் கூட்டிக் குழறுவதும் சரியல்ல. கவனத்தை ஈர்க்கத்தான் செய்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை தன் கையைக் கிழித்துத்தான் எங்கள் கவனத்தைப் பெறவேண்டியிருக்கிறது என்றால், கவனிக்காமல் இருந்தவர்கள் யார்?

இன்னொரு பயமும் எங்களிடம் உண்டு. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம். இது தவறு. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பதை ஆராய்ந்தே கண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு ஒரு பாரம் இறங்குகிறது. “உனக்குச் செத்துப்போகலாம் எண்டு எப்பவாவது தோன்றுதோ பிள்ளை?” என்று தனியே, ஆறுதலாக, கண்ணைப் பார்த்துக் கேட்கலாம். ஓம் என்று வந்தால் அதட்டவோ, சத்தியம் வாங்கவோ, “எங்களை நினைச்சுப் பார்த்தியோ” என்று அழவோ வேண்டாம். பக்கத்தில் இருக்கவேண்டும். அந்த வேகம் பெரும்பாலும் அலைபோல் ஏறி இறங்கும். அது ஏறியிருக்கும் நேரத்தில் ஆள் தனித்திருக்கக் கூடாது.

எங்கள் மக்களுக்கு ஏன் இவ்வளவு மனப்பாரம் என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990இல் உடுத்த உடையோடு வெளியேறியவர்கள், 1995 ஐப்பசியில் மழைக்குள் செம்மணி வெளியால் நடந்தவர்கள், 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள், 2009இல் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளத்துத் தறப்பாள் கொட்டில்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். சிலருடைய காணிகள் இன்னமும் வேலிக்கு அப்பால் இருக்கின்றன. ஆனால் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். போரின் உச்சத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலைகள் குறைந்திருந்தன. அங்கு நீண்டகாலம் பணியாற்றிய மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1995இல் வெளிவந்த ஆய்வொன்றில் இதை எடுத்துக்காட்டினார். ஷெல் விழும்போது எல்லோரும் ஒரே பங்கருக்குள் இருந்தோம். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தோம். பாரம் பின்னர்தான் தெரியத்தொடங்குகிறது. சத்தம் அடங்கி, வீட்டுத்திட்டம் கிடைத்து, “எல்லாம் சரியாகிவிட்டது” என்று மற்றவர்கள் சொல்லும் காலத்தில்தான் பலருக்கு நித்திரை வராமல் போகிறது.

அந்தப் பிள்ளையும் அப்படித்தான். அவள் போரைக் கண்டவள் அல்லள். 2009இல் மெனிக்பாமில் பிறந்தவள். ஆனால் பிறந்த நாள் முதல் அவள் வளர்ந்த வீடு போரைக் கண்ட வீடு. தகப்பன் இரவில் எழுந்து வாசலில் குந்தியிருப்பவர், சில நாட்களில் குடித்துவிட்டுச் சத்தம் போடுபவர். தாய் எதற்கும் பெருமூச்சு விடுபவர். பிறகு வந்தது நுண்கடன். கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய காசு. படலையில் நின்று அயல் கேட்கக் கத்தும் வசூலிப்பாளர். வடக்கிலும் கிழக்கிலும் பெண்களை இந்தக் கடன் எவ்வளவு நெரித்தது என்பது, வரட்சி பாதித்த மாவட்டங்களில் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வந்ததிலிருந்து விளங்கும். மனநோய் என்பது தலைக்குள் மட்டும் இருக்கும் நோயல்ல என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கடன் தீரும்வரை, காணி கிடைக்கும்வரை பிள்ளையின் காயம் காத்திருக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும்.

விவசாயக் குடும்பங்கள் என்பதால் கிருமிநாசினி பற்றியும் சொல்லவேண்டும். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 ஆக இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதன் பின் கடும் நச்சுத்தன்மையுள்ள கிருமிநாசினிகள் 1995இலும் 1998இலும், பிறகு 2008 தொடக்கம் 2011 வரையிலும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. விகிதம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை. இதில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. சாகத் துணியும் மனநிலை பலருக்குக் குறுகிய நேரமே நிற்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாவிட்டால் அவர் பிழைத்துக்கொள்கிறார். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் அப்படிச் சாவதில்லை.

அப்படியானால் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்தால் போதுமே என்று தோன்றும். அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்த பெரிய ஆய்வு, 2017இல் முடிவு வெளிவந்தது. பெட்டி மட்டும் கொடுத்ததால் நஞ்சருந்துவது குறையவில்லை. திறப்பு எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும் அல்லவா! என் யோசனை இதுதான்: மனம் நொந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அந்தக் காலத்தில் மருந்துப் போத்தல் அந்த வளவிலேயே இருக்கவேண்டாம். மருந்தடிக்கும் அன்று தேவையான அளவை மட்டும் வாங்குங்கள், அல்லது நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைத்து எடுங்கள். வைத்தியர் தரும் குளிசைகளையும் வீட்டில் ஒருவர் பொறுப்பாக வைத்து நாளுக்கு நாள் எடுத்துக் கொடுப்பது நல்லது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். யாரிடம் கூட்டிக்கொண்டு போவது?

உயிருக்கு உடனே ஆபத்து என்றால் யோசிக்க நேரமில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். (எங்களில் பலருக்கு 1990 என்றால் வேறு நினைவு. ஆனால் இந்த இலக்கத்தைச் சுவரில் எழுதிவையுங்கள்.) “பொலிஸ் கேஸ் ஆகிவிடும்” என்ற பயத்தில் வீட்டிலேயே மறைத்து வைத்தியம் பார்த்து உயிரை இழந்தவர்கள் உண்டு. தற்கொலை முயற்சி முன்னர் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது உண்மை. 1998இல் அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. உயிர் தப்பியவரைச் சிறையில் போட முடியாது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை அறியாதவர்களைச் சந்திக்கிறேன்.

அவசரம் இல்லாத நிலையில் முதற்படி மிக அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைதான். பெரிய வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆதார வைத்தியசாலைகள் பலவற்றில் மனநலத்துக்கென்று பொறுப்பான வைத்திய அதிகாரி இருக்கிறார், குறித்த நாட்களில் கிளினிக் நடக்கிறது. காசு இல்லை. ஆனால் கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவேண்டும். இதைத் தெரியாமல் நாங்கள் ஒருநாளை வீணாக்கினோம். உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சியிடம் கேட்டால் பெரும்பாலும் சொல்வார். கர்ப்பிணிகளுக்கு மட்டுந்தான் அவர் என்று எண்ணவேண்டாம். ஒவ்வொரு வளவின் கதையும் தெரிந்தவர் அவர்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர் உண்டு. பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் 1987 முதல் சீர்மியப் பணி செய்துவருகிறது. சுமித்ரயோ 1974 முதல் இந்த நாட்டில் மனம் நொந்தவர்களுக்குக் காதுகொடுத்து வருகிறது. நேரில் போக முடியாதவர்கள் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை. தமிழிலும் பேசலாம். பெயர் சொல்லவேண்டிய கட்டாயமில்லை.

இவர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை எம்மவர் பலர் அறியார். மனநல வைத்தியர் நோயைக் கண்டறிவார், தேவையானால் மருந்து தருவார். உளவளத்துணையாளர் பேசவிட்டுக் கேட்பார், வழிகளைச் சேர்ந்து தேடுவார், மருந்து தரமாட்டார். எங்கள் பகுதிகளில் இரு வகையினரும் குறைவு. முதலில் யாரிடம் போனாலும் பாதகமில்லை. நல்லவராயின் தேவையானபோது மற்றவரிடம் அவரே அனுப்புவார். மருந்து தந்தால் அது வேலைசெய்யச் சில கிழமைகள் செல்லும். நாலு நாளில் சுகமில்லை என்று நிறுத்துவதும், கொஞ்சம் சுகமானதும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்துவதும் எங்கள் ஊர்களில் வழக்கமாக நடக்கும் பிழைகள்.

“விசர் கிளினிக்குக்குப் போனவள்” என்று ஊர் பேசும், நாளைக்கு யார் கட்டுவான் என்று அந்தத் தாயும் பயந்தார். இந்தப் பயத்தைச் சும்மா பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஊர் பேசத்தான் செய்யும். ஆனால் வெளிநோயாளர் பிரிவுக்கு நூறு பேர் போகிறார்கள். யார் எதற்குப் போகிறார் என்று யாருக்குத் தெரியும்? தலையிடி, நித்திரையின்மை என்று சொல்லிப் பதிந்துவிட்டு வைத்தியரிடம் தனியே உண்மையைச் சொல்லலாம். வேறு ஊர்க் கிளினிக்குக்குப் போவதிலும் பிழையில்லை.

நல்ல உளவளத்துணையாளரை எப்படி அறிவது? படலையைத் திறந்து உள்ளே போனதும் அந்த வீட்டின் நிலை எமக்குத் தெரிவதுபோல இதுவும் ஓரளவு தெரியும். கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறாரா? மற்றவர்கள் வந்து போகும் மேசையில் வைத்து “என்ன பிரச்சினை” என்று கேட்கிறாரா? கேட்டது வெளியே போகாது என்றும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் குடும்பத்துக்கோ வைத்தியருக்கோ சொல்லவேண்டிவரும் என்றும் தொடக்கத்திலேயே சொல்கிறாரா? சொன்னால் நல்ல அறிகுறி. காயத்தைக் கண்டு முகம் சுளிப்பவர், புத்திமதி சொல்லத் தொடங்குபவர், ஒரே தடவையில் சுகப்படுத்துவேன் என்பவர், இனிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் வாங்குபவர், இவர்களிடம் மறுமுறை போகத் தேவையில்லை. பெண் பிள்ளைகள் பெண் ஒருவரோடு பேச விரும்பினால் அப்படிக் கேட்க உரிமை உண்டு. மொழியும் முக்கியம். “நெஞ்சுக்குள்ளை ஒண்டு அடைச்சுக்கொண்டு நிக்குது” என்பதை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லும்போது பாதி போய்விடுகிறது. தமிழ் தெரிந்தவர் எந்த நாளில் இருப்பார் என்று விசாரித்து அந்த நாளில் போவது நல்லது.

முதலாமவர் பொருந்தவில்லை என்றால் அது பிள்ளையின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. ஒரு பரியாரியாரிடம் சரிவராவிட்டால் இன்னொருவரிடம் போகிறோமே. “போய்ப் பார்த்தம், ஒண்டும் நடக்கேல்லை” என்று ஒரு தடவையோடு விட்டுவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

கோயிலுக்கு நேர்த்தி வைப்பதையும், நூல் கட்டுவதையும், சுவாமியாரிடம் போய்ச் செபம் கேட்பதையும் நான் குறை சொல்லவில்லை. மனதுக்கு அமைதி தருவது எதுவோ அதைச் செய்யுங்கள், கிளினிக்குக்கும் போங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பவரிடமும், மருந்தை நிறுத்து என்பவரிடமும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். தன்னுயிரை மாய்த்தவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு மறுத்த காலம் ஒன்று இருந்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் அந்த மறுப்பு இல்லை. ஆயினும் அந்தப் பழைய கடுமை சிலருடைய பேச்சில் இன்னும் இருக்கிறது. செத்தவர் வீட்டில் அது எவ்வளவு சுடும் என்பதைப் பேசுபவர்கள் யோசிப்பதில்லை.

இனிக் கொஞ்சம் கோபமாகவும் எழுதவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நஞ்சருந்தி உயிர் தப்பிய ஓர் இளம் விவசாயியைப் பார்க்க வைத்தியசாலையொன்றுக்குப் போயிருந்தேன். விடுதியில் எல்லோர் முன்னிலையிலும் ஊழியர் ஒருவர் அவனைப் பார்த்து, “உனக்கு வேறை வேலை இல்லையோ, எங்கடை நேரத்தை ஏன் வீணாக்கிறாய்” என்றார். மூன்றாம் நாள் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. துண்டு வெட்ட முன்னர் “மனநல வைத்தியரைப் பார்த்துவிட்டுத்தான் போவோம்” என்று வீட்டார் கேட்கவேண்டும், மறுத்தால் விடுதி வைத்தியரிடமே கேட்கவேண்டும். உயிர் தப்பி வந்த பின் வரும் கிழமைகளும் மாதங்களுமே மிகவும் கவனமாக இருக்கவேண்டிய காலம்.

அதைவிட எங்களைப் போன்ற தொண்டர் அமைப்புகள்மீது எனக்குக் கோபம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் 2009க்குப் பின்னரும் உளசமூகப் பணி என்று எத்தனை திட்டங்கள் வந்தன! சின்னப் பயிற்சியொன்று கொடுத்து இளம்பெண்களுக்கு உளவளத்துணையாளர் என்று அட்டை கொடுத்தோம். கொட்டில் கொட்டிலாகப் போய்க் கதை கேட்டார்கள். படிவம் நிரப்பினார்கள். காசு முடிந்ததும் திட்டம் முடிந்தது, வாகனம் திரும்பிப் போனது. ஒரு பெண் தன் மகன் காணாமற்போன கதையை ஒரே ஆண்டில் மூன்று வெவ்வேறு பேருக்குச் சொன்னதாக என்னிடம் கூறினார். “ஒவ்வொருத்தரும் கேட்டு அழுதினம், பிறகு வரேல்லை” என்றார். காயத்தைத் திறந்துவிட்டுக் கட்டுப்போடாமல் போவதைவிடத் திறக்காமல் இருப்பது மேல். அந்தப் பெண்களில் சிலர் அருமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள். இன்று கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களை வைத்திருக்க எங்களுக்கு வழி தெரியவில்லை, ஆனால் விழிப்புணர்வுச் செயலமர்வுக்கு மட்டும் இன்றும் மதியச் சாப்பாட்டோடு காசு இருக்கிறது.

ஒரு கிளினிக் நாளுக்கு அந்தத் தாய்க்கு என்ன செலவு என்று கணக்குப் பார்த்தோம். இருவருக்கும் போக வர பஸ் காசு, ஒருநேரச் சாப்பாடு, இழந்த ஒருநாள் கூலி. கிளினிக் இலவசம்தான், ஆனால் அந்த நாள் இலவசமல்ல. களையெடுப்பு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் திகதி தவறுவதற்குக் காரணம் அறியாமையல்ல, இதுதான். ஆகவே அடுத்த செயலமர்வுக்கு ஒதுக்கிய பணத்தை ஊருக்கு ஊர் ஒரு சிறிய பயண நிதியாக மாதர் சங்கங்களிடம் கொடுங்கள் என்று எங்கள் அமைப்பிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். கூடப் போவதற்கு இரண்டு மூன்று பெண்கள் பெயர் கொடுக்கட்டும். வாய் திறவாதவர்களாக இருந்தால் போதும், படிப்பு வேண்டாம். ஆண்களுக்கும் இப்படி யாராவது வேண்டும். அவர்கள் கிளினிக்குக்கு வருவதே இல்லை, தவறணைக்கே போகிறார்கள். அதை எப்படி மாற்றுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்தப் பிள்ளையின் விடயம் இப்படி நடந்தது. முதல் முறை போனபோது பிரதேச செயலகத்தில் உரியவர் இடமாற்றத்தில் போயிருந்தார், புதியவர் வரவில்லை. இரண்டாம் முறை வைத்தியசாலையில் அன்று கிளினிக் நாள் அல்ல. திரும்பி வரும் பஸ்ஸில் தாய் “விடுவம் அண்ணை, அவளுக்கு விதிச்சது” என்றார். மகள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை மருத்துவிச்சி முன்கூட்டியே பேசிவைத்திருந்தார். ஒரு பெண் வைத்தியர் பார்த்தார். முதல் நாள் அவள் ஒரு சொல்லும் பேசவில்லையாம். வைத்தியர் அதற்காக அவசரப்படவும் இல்லை, “பேசாமல் இருக்கலாம், அடுத்த முறையும் வாங்கோ” என்று திகதி கொடுத்தார். மூன்றாம் தடவையில் பேசினாள். என்ன பேசினாள் என்று தாய்க்குத் தெரியாது. கேட்கவேண்டாம் என்று வைத்தியர் சொன்னார், அவர் கேட்கவில்லை. தகப்பனையும் ஒருமுறை வரச்சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்னும் போகவில்லை.

அவள் முழுதாகச் சுகமாகிவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன். இடையில் ஒருமுறை மறுபடியும் கீறிக்கொண்டாள். இந்த முறை தானாக வந்து தாயிடம் காட்டினாள். தாய் பேசாமல் சுடுதண்ணீர் ஆறவைத்துக் காயத்தைக் கழுவி மருந்து கட்டினாராம், பிறகு இருவரும் குசினியிலேயே படுத்தார்களாம்.

அடுத்த கிளினிக் தை மாதக் கடைசியில். அந்தக் கிழமைதான் அவர்களுடைய வயலுக்கு வெட்டு மெசின் வருகிறது, தாயால் நகர முடியாது. பக்கத்து வளவு அக்கா தான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். பஸ் காசு மாதர் சங்கத்து உண்டியலில் இருந்து.